தாமஸ் நாஷின் 'முழுத் தொகுப்பு': அப்படி ஒரு நூல் எப்படி உருவாகிறது?

பழைய எழுத்தாளர் ஒருவரின் முழுத் தொகுப்பு என்றதும் பலர் மனதில் வருவது ஒன்றுதான். அவர் எழுதியதையெல்லாம் தேடி எடுத்தார்கள், காலவரிசையில் அடுக்கினார்கள், மறுபடி அச்சடித்து பைண்டு போட்டார்கள். பதிப்பாசிரியர் என்று அட்டையில் ஒரு பெயர் இருந்தால், முன்னுரை எழுதியவர் போலிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுகிறோம். எந்தப் பதிப்பை வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதானே என்ற எண்ணமும் இதனால்தான் வருகிறது.

உள்ளே இருப்பது ஒன்றல்ல. எந்த நூல் அவருடையது, எந்த வரி அவர் எழுதியது, எந்தச் சொல் அச்சகத்தில் மாறிப்போனது என்று ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவுகளின் மொத்தம்தான் தொகுப்பு. இதை விளக்க எலிசபெத் காலத்து இங்கிலாந்தின் அங்கத எழுத்தாளர் தாமஸ் நாஷை எடுத்துக்கொள்கிறேன். நூல்களைப் பதிப்பிக்கும் முறையே அவரைத் தொகுக்கும்போதுதான் ஒரு பெரிய அடி முன்னே போனது.

யார் இந்த நாஷ்?

நாஷ் 1567-இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லோஸ்டாஃப்ட்டில் பிறந்தவர். அப்பா பாதிரியார். கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து 1586-இல் பட்டம் வாங்கி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எழுதிப் பிழைக்க லண்டனுக்கு வந்தார். அவர் எழுதியதில் பெரும்பகுதி துண்டுப்பிரசுரம், அதாவது சில ஃபாரங்களே (மடித்த அச்சுத் தாள்களே) கொண்ட, அட்டை போடாமல் தைத்து விற்கப்பட்ட மலிவான சிறு நூல். சண்டை, கிண்டல், மத விவாதம், ஊர்வம்பு, சமூக விமர்சனம் எல்லாம் அதில் உண்டு.

1592-இல் வந்த 'காசில்லாத பியர்ஸ் சாத்தானுக்கு எழுதிய மனு' அவரைப் புகழாளராக்கியது. கேப்ரியல் ஹார்வி என்ற கேம்பிரிட்ஜ் அறிஞரோடு நூலுக்கு நூல் பதில் எழுதிப் பல ஆண்டுகள் மோதினார். 1594-இல் 'துரதிர்ஷ்டசாலிப் பயணி' என்ற உரைநடைக் கதை வந்தது. 1597-இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனும் நாஷும் எழுதிய 'நாய்களின் தீவு' என்ற நாடகம் அரசின் கோபத்துக்கு ஆளாகித் தடை செய்யப்பட்டது. ஜான்சன் சிறைக்குப் போனார், நாஷ் கிரேட் யார்மத் என்ற மீன்பிடி ஊருக்குத் தப்பி ஓடினார். அந்த ஊரையும் அதன் புகையூட்டிய ஹெர்ரிங் மீனையும் புகழ்ந்து 1599-இல் எழுதியதுதான் அச்சில் அவருடைய கடைசித் துண்டுப்பிரசுரம்.

அதே 1599 ஜூன் 1-ஆம் தேதி கான்டர்பரி பேராயர் விட்கிஃப்டும் லண்டன் ஆயர் பான்கிராஃப்டும் ஓர் ஆணை போட்டார்கள். நாஷ், ஹார்வி இருவரின் நூல்களும் எங்கே கண்டாலும் கைப்பற்றப்பட வேண்டும், இனி ஒருபோதும் அச்சிடப்படக் கூடாது என்பது அதில் ஒரு பிரிவு. இரண்டே ஆண்டுகளில், 1601-க்குள், நாஷ் இறந்துவிட்டார். வயது முப்பத்துமூன்று இருக்கலாம்.

ஜான்சன் 1616-இல் தன் படைப்புகளைத் தானே பெரிய நூலாகத் தொகுத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியருக்கு 1623-இல் நண்பர்கள் செய்தார்கள். நாஷுக்கு அப்படிச் செய்ய ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. 1883-இல்தான் முதல் தொகுப்பு வரத் தொடங்கியது. சுமார் 280 ஆண்டுகள் அவருடைய எழுத்து உதிரி உதிரியாக நூலகங்களிலும் தனியார் அலமாரிகளிலும் கிடந்தது.

ஒரே பதிப்பில் இரண்டு பிரதிகள் ஏன் வேறுபடுகின்றன?

உதிரிகளைத் தேடிப் பிடிப்பதோடு வேலை முடியாது. பிடித்த பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறில் இருநூறு ஓடியபின் மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் எழுத்துப்பிழை இருப்பது தெரிகிறது. மெஷினை நிறுத்தித் திருத்திவிட்டு மீதியை ஓட்டுகிறார்கள். முதல் இருநூறையும் தூக்கிப் போட மனம் வராது, தூரத்து உறவுகளுக்குப் போய்விடும். பின்னாளில் யாரோ ஒருவரிடம் உள்ள பத்திரிகையை மட்டும் பார்த்தால் தாத்தாவின் பெயர் எது என்று சொல்ல முடியாது.

நாஷின் லண்டனில் எல்லா நூலும் இப்படித்தான் அச்சானது. பெரிய தாள் ஒன்றை இரண்டு முறை மடித்தால் நான்கு இலை, எட்டுப் பக்கம். தாளின் ஒரு புறம் அச்சாகும்போது நான்கு பக்கங்கள் ஒன்றாக விழும். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஒரு தாளை எடுத்து புரூஃப் பார்ப்பார். பிழை கண்டால் நிறுத்தி, எழுத்தை மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். காகிதம் விலை கூடிய பொருள் என்பதால் பிழையுள்ள தாள்களை எறிவதில்லை. கடைசியில் தாள்களைச் சேர்த்துத் தைக்கும்போது திருத்தியதும் திருத்தாததும் கலந்துவிடும். ஒரு பிரதியில் முதல் ஃபாரம் திருத்தியதாகவும் மூன்றாவது திருத்தாததாகவும் இருக்கும், பக்கத்துப் பிரதியில் தலைகீழாக இருக்கும்.

பிரதிகளுக்கு இடையே உள்ள இந்த வேறுபாட்டைப் பாடபேதம் என்கிறோம். எத்தனை பிரதிகள் கிடைக்கின்றனவோ அத்தனையையும் வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து பாடபேதங்களைப் பட்டியலிடுவது பதிப்பாசிரியரின் முதல் வேலை. கண்ணையும் பொறுமையையும் தின்னும் வேலை அது. அதைச் செய்யாத தொகுப்பு, கைக்கு அகப்பட்ட ஒரே பிரதியின் நகல்தான்.

சில வேறுபாடுகள் எழுத்துப்பிழையை விடப் பெரியவை. 'எருசலேமுக்காகக் கிறிஸ்துவின் கண்ணீர்' என்ற நூலை நாஷ் 1593-இல் வெளியிட்டார். லண்டன் நகரத்தை அதில் கடுமையாகச் சாடியிருந்தார். நகர அதிகாரிகள் கொதித்தார்கள், நாஷ் சிறைக்குப் போனார். 1594-இல் அதே நூல் மறுபடி கடைக்கு வந்தபோது அச்சடித்துக் கிடந்த பழைய தாள்களையே பயன்படுத்தி, குற்றமுள்ள இடத்தில் இருந்த இலையை வெட்டிவிட்டு மென்மையாக எழுதிய புது இலையை ஒட்டியிருந்தார்கள். முன்னுரையும் மாறியது. 1593-இன் முன்னுரையில் ஹார்வியிடம் சமாதானம் பேசிய நாஷ், 1594-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இப்போது தொகுப்பில் எந்த இலையைப் போடுவது? கோபத்தில் எழுதியதா, சிறைக்குப் பின் எழுதியதா? இரண்டும் நாஷ்தான். ஒன்றை மேலே வைத்து மற்றதைக் குறிப்பில் தரலாம், அல்லது இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடலாம். எதையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் போட்டால், நூலின் நடுவே நடந்த ஒரு முக்கியமான சம்பவமே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

சரி, இதுவரை வந்ததை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நாஷ் தன் காலத்தில் தொகுக்கப்படவில்லை. அவருடைய நூல்கள் உதிரிப் பிரதிகளாக வந்து சேர்ந்தன. அவை ஒன்றோடொன்று முரண்படுவதால், ஒத்துப்பார்க்காமல் தொகுக்க முடியாது.

எதை அடியாக வைப்பது?

வேறுபாடுகளைப் பட்டியலிட்டாயிற்று. அப்புறம் ஒரு பிரதியைத் தேர்ந்து அதன்மேல்தான் நூலைக் கட்ட வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கும் பிரதிக்கு அடிப்படைப் பாடம் என்று பெயர். ஆங்கிலத்தில் இந்தக் கலைச்சொல்லை உருவாக்கியவர் ரொனால்ட் மெக்கெரோ என்ற பதிப்பாசிரியர். உருவாக்கியது 1904-இல், தன் நாஷ் தொகுப்பில்தான். இன்று ஷேக்ஸ்பியரைப் பதிப்பிப்பவர் முதல் நவீன நாவலைப் பதிப்பிப்பவர் வரை இந்தச் சொல் இல்லாமல் பேச முடியாது. அது ஒரு துண்டுப்பிரசுரக்காரரைத் தொகுக்கும் வேலையில் பிறந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

தேர்வு எளிதல்ல. 'துரதிர்ஷ்டசாலிப் பயணி' 1594-இல் ஒரே ஆண்டில் இரண்டு பதிப்பு கண்டது. இரண்டாவதன் முகப்பில் 'புதிதாகத் திருத்தி விரிவாக்கியது' என்று போட்டிருந்தது. முதல் பதிப்பில் சவுத்தாம்ப்டன் பிரபுவுக்கு ஓர் அர்ப்பணிப்பு உண்டு, இரண்டாவதில் அது இல்லை. மெக்கெரோ இரண்டாவதை அடிப்படையாக எடுத்தார். ஆசிரியர் கடைசியாகத் திருத்தியது இதுதான் என்று நம்பக் காரணம் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும் என்பது அப்போது அவருடைய வாதம். முதல் பார்வைக்கு நியாயமாகத்தான் தெரிகிறது.

சிக்கல் எங்கே என்றால், இரண்டாம் பதிப்பின் ஒவ்வொரு மாற்றமும் நாஷ் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. அச்சுக் கோப்பவர் தானாக மாற்றியது, தவறாக வாசித்தது, எழுத்துக்கூட்டைத் தன் பழக்கப்படி போட்டது எல்லாம் கலந்திருக்கும். மெக்கெரோவின் நண்பர் வால்டர் கிரெக் பின்னாளில் இதே நூலை உதாரணமாக எடுத்துக்கொண்டு வேறொரு வழி சொன்னார். மெக்கெரோ 1940-இல் இறந்தார். கிரெக்கின் கட்டுரை அதற்குப் பத்தாண்டு கழித்து வந்தது. எழுத்துக்கூட்டு, நிறுத்தக்குறி போன்ற மேற்பரப்பு விவரங்களுக்கு ஆசிரியரின் கைப்பிரதிக்கு மிக அருகில் உள்ள முதல் பதிப்பைப் பின்பற்றுங்கள், சொல்லும் பொருளும் மாறும் இடங்களில் அது ஆசிரியரே செய்த மாற்றமா என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுச் சேருங்கள் என்றார். ஒரு பதிப்புக்கு மொத்தமாக அடிபணிய வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஆங்கிலப் பதிப்புலகம் நெடுங்காலம் அவர் வழியில்தான் நடந்தது.

முகப்புப் பக்கத்தைக்கூட நம்பிவிட முடியாது. 'காசில்லாத பியர்ஸ்' முதலில் வந்தபோது, நோய்ப் பயத்தால் நாஷ் லண்டனிலேயே இல்லை. இரண்டாம் பதிப்பில் அச்சிடுபவருக்கு எழுதிய கடிதத்தில், அந்த நீண்ட வால்போன்ற தலைப்பை வெட்டிவிடுங்கள் என்று அவரே கேட்கிறார். மருந்து விற்பவர் கடைவீதியில் கூவுவதுபோல் தன் நூலின் வாசலில் ஒரு பிரசங்கம் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அக்காலத்தில் கைப்பிரதியை விற்றபின் எழுதியவருக்கு அதன்மேல் உரிமை கிடையாது. அச்சகத்தாரும் புத்தக வணிகரும் வைத்ததுதான் சட்டம்.

ஓர் எழுத்து கூடினால்

ஒத்துப்பார்க்க இரண்டாவது பதிப்பே இல்லாவிட்டால் என்ன செய்வது?

'சம்மரின் கடைசி உயில்' என்ற நாடகத்தை நாஷ் 1592-இல் கிராய்டனில் இருந்த பேராயர் விட்கிஃப்டின் மாளிகையில் நடிப்பதற்காக எழுதினார். பின்னாளில் தடை ஆணையில் கையெழுத்திட்ட அதே விட்கிஃப்ட்தான். நாடகம் 1600-இல் ஒரே ஒரு பதிப்பாக அச்சானது. அதில் கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிய பாட்டு ஒன்று வருகிறது. ஆங்கிலத்தில் இன்றும் மிக அதிகமாக நினைவுகூரப்படும் பாட்டுகளில் ஒன்று. அதில் சில வரிகளின் பொருள் இது: அழகு ஒரு பூ, சுருக்கங்கள் அதைத் தின்றுவிடும். காற்றிலிருந்து ஒளி உதிர்கிறது. அரசிகள் இளமையில், எழிலோடு இறந்தார்கள். ஹெலனின் கண்ணை மண் மூடிவிட்டது.

'காற்றிலிருந்து ஒளி உதிர்கிறது' என்ற வரிக்குப் பல தலைமுறை வாசகர்கள் மயங்கியிருக்கிறார்கள். ஆனால் பெண்களின் அழகு, முதுமை, சாவு என்று போகிற அடிகளுக்கு நடுவில் வானமும் காற்றும் எங்கிருந்து வந்தன? ஆங்கிலத்தில் காற்றுக்கு 'ஏர்', கூந்தலுக்கு 'ஹேர்'. முன்னால் ஓர் எழுத்து விழுந்துபோயிருந்தால் வரி 'கூந்தலிலிருந்து பளபளப்பு உதிர்கிறது' என்று ஆகிவிடும். முதுமைக்குப் பொருந்துகிறது, சுற்றியுள்ள வரிகளோடும் ஒட்டுகிறது.

மெக்கெரோ இங்கே செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 1600-இல் அச்சான 'காற்று' என்ற சொல்லையே பாட்டில் விட்டார். குறிப்பில் தன் மனதைத் திறந்து எழுதினார்: நாஷ் காற்றைத்தான் சொன்னார் என்று நம்ப ஆசைப்படலாம், ஆனால் கூந்தல்தான் சரியான பாடம் என்று எனக்கு வலுவான சந்தேகம், அது எளிதில் புரியும் பொருளைத் தந்தாலும் கவிதையாக மிகத் தாழ்ந்தது. பதிப்பாசிரியர் தன் ஊகத்தால் ஒரு சொல்லை மாற்றுவதற்குப் பாடத்திருத்தம் என்று பெயர். மாற்ற வாய்ப்பும் காரணமும் இருந்தும் அவர் மாற்றவில்லை, சந்தேகத்தையும் மறைக்கவில்லை. என் மனம் காற்றின் பக்கம்தான். ஆனால் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அங்கே ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

ஆக, அடிப்படைப் பாடத்தைத் தேர்வது இரண்டாவது முடிவு. எங்கே அதை மீறுவது, எங்கே மீறாமல் குறிப்போடு நிறுத்துவது என்பது மூன்றாவது.

எது நாஷ் எழுதியது?

நாஷின் காலத்தில் பெயரில்லாமலும் புனைபெயரிலும் எழுதுவது சாதாரணம். 1588-89-இல் 'மார்ட்டின் மார்ப்ரலேட்' என்ற புனைபெயரில் யாரோ ஆயர்களைக் கேலி செய்து ரகசிய அச்சகத்தில் நூல்கள் வெளியிட்டார்கள். திருச்சபைத் தரப்பு பதிலடி கொடுக்க எழுத்தாளர்களைப் பிடித்தது. நாஷும் அதில் இருந்தார். ஆனால் பதிலடி நூல்களில் எவை அவருடையவை?

முதல் தொகுப்பைச் செய்தவர் அலெக்சாண்டர் கிரோசார்ட் என்ற பாதிரியார். 1883 முதல் 1885 வரை ஆறு தொகுதிகளாக, மிகக் குறைந்த பிரதிகள் மட்டும், தனிச்சுற்றுக்காக அச்சிட்டார். 'பாஸ்குவில்' என்ற புனைபெயரில் வந்த மூன்று பதிலடி நூல்களை அவர் நாஷுடையவையாகச் சேர்த்தார். மெக்கெரோவும் 1904-இல் தன் முதல் தொகுதியில் அவற்றை அச்சிட்டார். ஆனால் வேலை நடக்க நடக்க நாஷின் நடையை நன்றாக அறிந்துகொண்டவர், 1910-இல் வந்த ஐந்தாம் தொகுதியில் அவை நாஷுடையவை அல்ல என்ற முடிவுக்கு வந்துவிட்டார். 'கிளிக்கு ஒரு பாதாம்' என்ற இன்னொரு நூலை அவர் ஐயத்துக்குரியவை என்ற பிரிவில் போட்டார். இன்று அறிஞர்கள் பெரும்பாலும் அதை நாஷுடையது என்றே ஏற்கிறார்கள். ஒன்று உள்ளே வந்தது, மூன்று வெளியே போயின. 'முழுத் தொகுப்பு' என்ற சொல்லில் உள்ள 'முழு' காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கிறது.

கூட்டாக எழுதியவை இன்னொரு சிக்கல். 'கார்த்தேஜின் அரசி டைடோ' நாடகத்தின் 1594 முகப்பில் நாடக ஆசிரியர் மார்லோ, நாஷ் இருவர் பெயரும் இருக்கின்றன, யார் எவ்வளவு எழுதினார் என்று இல்லை. 'நாய்களின் தீவு' தொலைந்தே போயிற்று. அதன் முன்காட்சியும் முதல் அங்கமும் மட்டுமே தன்னுடையவை, மீதி நான்கு அங்கங்களை நடிகர்களே சேர்த்தார்கள் என்று நாஷ் ஹெர்ரிங் மீன் நூலில் சொல்கிறார். தொகுப்பில் அந்த நாடகத்துக்கு இருக்கும் இடம் இந்தச் செய்தி மட்டும்தான். கையெழுத்துப் பிரதிகளாகவே சுற்றிய ஒரு வெளிப்படையான காமக் கவிதையும் உண்டு. மெக்கெரோ அதை மூன்றாம் தொகுதியில் சேர்த்தார்.

எது யாருடையது என்பதற்கு நாஷ் சொல்வதும், எதிராளி ஹார்வி சொல்வதும் சாட்சி ஆவதுண்டு. தான் எழுதாத ஒரு நூலைத் தன் தலையில் கட்டுகிறார்கள் என்று 'காசில்லாத பியர்ஸ்' இரண்டாம் பதிப்பிலேயே நாஷ் கோபப்படுகிறார். ஆகவே ஹார்வியின் நூல்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் நாஷைப் பதிப்பிக்க முடியாது.

குறிப்புகள் எதற்கு?

மெக்கெரோவின் ஐந்து தொகுதிகளில் மூன்றுதான் நாஷின் எழுத்து. நான்காவது முழுக்கக் குறிப்பு, ஐந்தாவது முன்னுரையும் அகரவரிசையும். நாஷ் அன்றைய லண்டனின் சாராயக்கடை, சண்டைக்காரர், பாதிரியார், பழமொழி, லத்தீன் மேற்கோள் என்று அள்ளித் தெளித்து எழுதுபவர். குறிப்பு இல்லாமல் பாதி புரியாது.

குறிப்புகளால் இன்னொன்றும் தெரியவந்தது. 'காசில்லாத பியர்ஸ்' நூலில் ஆவிகளையும் பேய்களையும் பற்றிக் கனமான ஒரு பகுதி வருகிறது. அது ஜார்ஜியஸ் பிக்டோரியஸ் என்ற மருத்துவரின் லத்தீன் நூலிலிருந்து எடுத்தது என்று மெக்கெரோ கண்டுபிடித்தார். கொர்னேலியஸ் அக்ரிப்பாவிடமிருந்தும் நாஷ் நிறைய எடுத்திருக்கிறார். அவருடைய படிப்பில் கணிசமான பகுதி இப்படி இரண்டாம் கையாக வந்தது. இது அவர் மதிப்பைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. காய்ந்த லத்தீன் பத்தி அவர் கையில் எப்படி உயிர் பெறுகிறது என்று பார்க்க, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டும் குறிப்பு வேண்டும். இப்படி எல்லாப் பிரதிகளையும் ஒப்பிட்டு, முடிவுகளுக்குக் காரணம் காட்டி, பாடபேதமும் குறிப்பும் தரும் நூலைத்தான் செம்பதிப்பு என்கிறோம்.

எந்தத் தொகுப்பில் தொடங்குவது?

கிரோசார்ட் பதிப்பு வரலாற்று மதிப்புள்ளது. வேகமாகச் செய்த வேலை, பிழைகள் உண்டு, ஆனால் நாஷை முதன்முதலில் ஒரே இடத்தில் சேர்த்துத் தந்த நன்றி அவருக்கு உரியது. படிக்க அதைத் தேட வேண்டாம். புதிதாக வருபவர்கள் ஜே. பி. ஸ்டீன் 1972-இல் பெங்குவினுக்காகச் செய்த தேர்வில் தொடங்கலாம். எழுத்துக்கூட்டை இன்றைய முறைக்கு மாற்றியிருப்பதால் ஓட்டமாகப் படிக்க முடியும். பயணியின் கதையும் காசில்லாத பியர்ஸும் ஹெர்ரிங் மீனும் கொள்ளைநோய்ப் பாட்டு வரும் நாடகமும் அதிலேயே இருக்கின்றன. நியூகாசில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட அறிஞர் குழு ஒன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்காகப் புதிய முழுத் தொகுப்பு வேலையில் இறங்கியது. நாஷின் உரைநடையை உரக்கப் படித்து, காதால் கேட்டும் சோதிப்பது அவர்கள் முறையில் ஒரு பகுதி.

அதற்கு மேல் போக விரும்பினால் மெக்கெரோதான். எஃப். பி. வில்சன் திருத்தங்களும் கூடுதல் குறிப்புகளும் சேர்த்து 1958-இல் கொண்டுவந்த மறுபதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். இணையத்தில் ஸ்கேனாகக் கிடைப்பது 1904-10 முதல் அச்சு, வில்சன் சேர்த்தவை அதில் இருக்காது. படிக்கும்போது நான்காம் தொகுதியை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதியில் இருப்பதால் பாஸ்குவில் நூல்களை நாஷின் பெயரில் மேற்கோள் காட்டிவிடாதீர்கள், அதற்கு முன் ஐந்தாம் தொகுதியைப் புரட்ட வேண்டும்.